மணலில் வடசென்னை வரலாறு: எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம்?

திருவொற்றியூரிலிருந்து ஒரு இளைஞர் மன்றத்தினர் கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் 22 சென்னை தினத்துக்கு வடசென்னையின் வரலாற்றை மணல் சிற்பமாகச் செய்ய ஆசை. குழுவில் யாருக்கும் முன்அனுபவம் இல்லை. மணலில் வரலாற்றைச் சொல்ல முடியுமா, எந்த நிகழ்வை எடுக்கலாம், நம் கடற்கரை மணலே போதுமா, இது உண்மையிலேயே கலையா இல்லை வெறும் வேடிக்கையா என்று நான்கு கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு அதிக நேரம் தேவையில்லை. கலைதான். பூரி கடற்கரைக்காரரான சுதர்சன் பட்நாயக்குக்கு 2014இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஜப்பானில் தொத்தோரி என்ற ஊரில் மணல் சிற்பத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் 2006 முதல் நடக்கிறது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் உலகின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றையும் வாழ்க்கையையும் மணலும் தண்ணீரும் மட்டும் வைத்துச் செய்கிறார்கள். முடிந்ததும் இடித்துவிட்டு அதே மணலில் அடுத்த கண்காட்சி. வரலாறு சொல்ல மணல் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மற்ற மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். மணலுக்கு நிற்கத் தெரியாது. சாய்ந்து கிடக்கத்தான் தெரியும். இதை ஒப்புக்கொண்டு, எந்த வரலாற்றை எடுப்பது, அதை எப்படிச் சாய்ப்பது என்று யோசித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒப்புக்கொள்ளாமல் கோட்டையும் கொடிமரமும் தலைவர் சிலையும் எழுப்பப் போனால், நாள் முழுக்க ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தலைவர் முகத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். முகம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். மூக்கு ஒரு விரற்கடை நகர்ந்தால் ஆளே மாறிப்போவார். அப்புறம் கீழே பெயர் எழுதிவைக்க வேண்டிவரும். பெயர் எழுதினால்தான் புரியும் என்றால் அந்தச் சிற்பத்துக்கு என்ன வேலை?

மணல் சிற்பத்தின் கதையை எல்லாரும் ஒடிசாவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஜெகந்நாதர் தேரில் அவமானப்பட்ட பக்திக் கவிஞர் பலராம தாசர், கடற்கரைக்குப் போய் மணலிலேயே சாமியைச் செய்து வழிபட்டார் என்பது அங்கே வழங்கும் கதை. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் 1890களிலேயே மணலில் உருவம் செய்து, போகிறவர் வருகிறவர் போட்ட காசில் பிழைத்தவர்கள் இருந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் நமக்குப் பக்கத்திலேயே இவற்றைவிடப் பொருத்தமான முன்னோடி ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை. படுகளத்தைச் சொல்கிறேன்.

திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, பதினெட்டாம் போர் நாளுக்குத் திடலில் துரியோதனனை மண்ணால் செய்வார்கள். பல ஆள் நீளத்துக்கு, மல்லாந்து படுத்த உருவம். முகத்துக்கு வண்ணம், மார்புக்கு நகை, கையில் கதாயுதம். விடிந்ததும் பீமன் வேடம் கட்டியவர் அந்த உருவத்தைச் சுற்றி ஓடி, கடைசியில் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்துவைத்த செந்நீர் வழியும். திரௌபதி கூந்தல் முடிவாள். ஜனங்கள் ஒரு பிடி மண்ணை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். மயானக் கொள்ளையிலும் இதேபோல அம்மனை மண்ணில் படுத்த கோலத்தில் செய்யும் வழக்கம் நம் வடசென்னைப் பக்கமே உண்டு. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் வண்டல் பாவை, அதாவது மணல் பொம்மை, செய்கிறார்கள். அலை பாவையைக் கொண்டுபோன கோபத்தில் ஒருத்தி மணலை வாரிக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள்.

படுகளத்துக்காரர்களிடம் கற்றுக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அவர்கள் பாரதம் முழுவதையும் மண்ணில் செய்யவில்லை. பதினெட்டு நாள் போரில் ஒரே ஒரு நொடியை எடுத்தார்கள். அதுவும் மண்ணுக்குத் தோதான நொடி. விழுந்து கிடப்பவனைச் செய்தார்கள், எழுந்து நிற்பவனை அல்ல. இரண்டு, உடைவதை நிகழ்ச்சியின் பகுதியாக முதலிலேயே வைத்துக்கொண்டார்கள். வரலாற்று மணல் சிற்பம் செய்கிற யாரும் ஒருமுறை படுகளம் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இப்போது மணல் ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது என்று பார்ப்போம். உலர்ந்த மணல் கொட்டினால் சுமார் முப்பது முப்பத்தைந்து டிகிரி சரிவுக்கு மேல் நிற்காது. கொஞ்சம் ஈரம் பட்டதும் ஒரு மணலுக்கும் பக்கத்து மணலுக்கும் நடுவே நுண்ணிய நீர்ப்பாலங்கள் உருவாகி இரண்டையும் இழுத்துப் பிடிக்கின்றன. தண்ணீர் அதிகமாகி இடைவெளி முழுக்க நிரம்பினால் பாலம் போய்விடும், குழைந்துவிடும். 2012இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், கன அளவில் வெறும் ஒரு சதவீதத் தண்ணீர் இருக்கும்போது மணல் தூண் அதிக உயரம் தாங்கியது. அதற்காகத் துளித்துளியாக ஊற்ற வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நடைமுறையில் தாராளமாக ஊற்றி, இடித்து, வடியவிடுகிறோம். வடிந்தபின் மணல் தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளும்.

அதே ஆய்வில் உங்களுக்கு உதவும் இன்னொரு கணக்கு இருக்கிறது. உயரத்தை இரண்டு மடங்காக்க அடிப்பாகத்தை இரண்டு மடங்காக்கினால் போதாது, கிட்டத்தட்ட 2.8 மடங்கு அகலப்படுத்த வேண்டும். டென்மார்க்கில் 2021இல் எழுப்பிய உலகச் சாதனை மணல் கோட்டை 21.16 மீட்டர். படத்தைப் பார்த்தால் தெரியும், கோட்டை என்று பெயர்தானே தவிர உருவத்தில் அது ஒரு மலைக்குன்று. மணலோடு சுமார் பத்து சதவீதம் களிமண்ணும் கலந்திருந்தார்கள். இதே ஆம்ஸ்டர்டாம் குழு 2014இல் இன்னொன்றும் சொன்னது. ஏறத்தாழ 3900 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியக் கல்லறை ஓவியம் ஒன்றில், பெரிய சிலையைச் சறுக்குவண்டியில் வைத்து இழுக்கிறார்கள். வண்டியின் முன்னால் நிற்கிற ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ரொம்ப நாள் அதைச் சடங்கு என்றே நினைத்திருந்தார்கள். சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்கும் பலம் பாதி போதும் என்று அளந்து காட்டினார்கள். ஈர மணலின் குணம் தெரிந்த யாரோ அன்றைக்கும் இருந்திருக்கிறார்.

சரி, நம் கடற்கரை மணல். இங்கேதான் வடசென்னையின் வரலாறே குறுக்கே வந்து நிற்கிறது.

மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1875இல் அடிக்கல் நாட்டி, முடியும் தறுவாயில் 1881 புயலில் அடிவாங்கி, மறுபடி கட்டியது நம் துறைமுகம். இந்தக் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது; வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் மட்டும் திரும்பி ஓடுகிறது. கூட்டிக் கழித்தால் போக்கு வடக்கே. குறுக்கே துறைமுகச் சுவர் வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. தங்கிய மணல்தான் இன்றைய அகன்ற மெரினா. ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து 1884இல் அந்தப் பெயரை வைத்தார். வடக்கே என்ன ஆயிற்று? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் தின்றுகொண்டே வந்தது. தெருக்கள் போயின, மீனவர் வீடுகள் போயின, சாலைக்குக் காவலாகக் கருங்கல் கொட்டினார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கடல் முன்பு எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். மெரினாவில் நின்று மணல் சிற்பம் செய்கிறவர்கள் ஒருவகையில் நம் மணலில்தான் செய்கிறார்கள். கொஞ்சம் குறும்பாகச் சொல்கிறேன், ஆனால் பொய் இல்லை.

கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் போட்ட பிறகு இடையிடையே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. காசிமேட்டில் என் ஃபோர் பீச் இருக்கிறது. அங்கெல்லாம் செய்யலாம். ஆனால் அலை அடித்துக் கழுவிய மணலில் நுண்தூள் இருக்காது, முனைகளும் மழுங்கியிருக்கும். உருண்டை மணல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், கோண மணல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஆழமாகச் செதுக்க முடியாது. சரிவாக, மேலோட்டமாகச் செதுக்கலாம். கரையில் ஆங்காங்கே கருமணல் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், கனிமம் கலந்த கனத்த மணல். அதைத் தனியே ஒரு வாளி எடுத்துவைத்துக்கொண்டால் நிழல் விழ வேண்டிய இடங்களில் தூவலாம். சாயப்பொடியைவிட எவ்வளவோ அழகு. வண்ணப்பொடி தூவிய மணல் சிற்பம் எனக்குப் பிடிப்பதில்லை, இது என் சொந்தக் கருத்து.

ஆழமான வேலை வேண்டும் என்றால் எம் சாண்ட் வாங்குங்கள். பாறையை உடைத்து எடுப்பதால் கோணமும் இருக்கும், தூளும் இருக்கும். இடித்தால் நன்றாக இறுகும். நிறம்தான் சாம்பல். பூச்சு வேலைக்கு வரும் பி சாண்டை மேல் அடுக்குக்குப் போட்டால் நுணுக்கம் நன்றாக வரும். கடற்கரையிலிருந்து லாரியில் மணல் அள்ளி வேறு இடத்துக்குக் கொண்டுபோவது மட்டும் வேண்டாம், கரையோர ஒழுங்குமுறைச் சட்டப்படி அது குற்றம்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, எந்த நிகழ்வு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வருடம் மசூலா படகைத்தான் எடுப்பேன்.

துறைமுகம் வருவதற்கு முன்னால் இரண்டு நூற்றாண்டுக்கு மேல், கப்பலில் மெட்ராஸுக்கு வந்த ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு மூட்டையும் இந்தப் படகில்தான் கரை சேர்ந்தார்கள். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவே அடுக்கடுக்காய் உடையும் அலை. ஐரோப்பியப் படகு அந்த அலையில் பிளந்துவிடும். மசூலாவில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அதனால் அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும். பக்கவாட்டு உயரம், அடி தட்டை. துடுப்புப் போடுகிறவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை, பின்னால் திசைபிடிக்க ஒரு ஆள். யாராவது கடலில் விழுந்தால் தூக்க, கூடவே கட்டுமரங்கள் வரும். கட்டுமரக்காரர்கள் தலையில் போட்ட தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். கவர்னராக இருந்தாலும் தரை தொடும்வரை நம் கரையோர ஆட்களின் கையில்தான் உயிர். மெட்ராஸ் வரலாற்றில் கோட்டையைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட இவர்களைப் பற்றி எழுதவில்லை.

மணலுக்கு இது ஏன் பொருந்தும்? அலை தானே ஒரு சரிவு. முழுச் சிற்பமும் உடையப்போகிற ஒரே அலையாக இருக்கட்டும். படகு அதன் முதுகில் சாய்ந்து ஏறட்டும். தனித்து நிற்கிற பாகம் எதுவுமே இல்லை. துடுப்புகளை வெளியே நீட்டாதீர்கள், உடையும். அலையின் சுவரோடு ஒட்டிய புடைப்பாகச் செதுக்குங்கள். படகோட்டிகளின் முகம் தேவையில்லை. வளைந்த முதுகுகள் ஒரே தாளத்தில் வரிசையாக வந்தால் போதும், முகத்தைவிட அது பேசும். தையலைக் காட்ட ஒரு தென்னங்கயிற்றை ஈர மணலில் அழுத்தி எடுத்துவிடுங்கள், புரி புரியாகப் பதியும். பார்க்கிற மீனவர்களில் யாராவது ஒருவர் நின்று 'தையல் இப்படி இல்லை' என்று திருத்துவார். திருத்தட்டும். சிற்பம் முடிவதற்குள் அப்படி இரண்டு திருத்தம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது என் மனதில் இருப்பது 1877. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பெரும் பஞ்சம். அந்த வருடம் மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைமலையாக அடுக்கிக் கிடந்த காட்சி அன்றைய படங்களில் பதிவாகியிருக்கிறது. உள்மாவட்டங்களில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், தானியம் கரையில் கிடந்தது. நிவாரண வேலை செய்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கையில் ஒரு அணா என்று கூலியைக் குறைத்தார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படிப்பட்ட பஞ்ச வேலையாகத் தோண்டியதுதான்.

மூட்டை செய்வதைப்போல மணலில் எளிது எதுவும் இல்லை. உருண்ட விளிம்பு, தானாகவே அடுக்காகச் சாயும் உருவம், பழைய சாக்கை அழுத்தி எடுத்தால் நெசவு அப்படியே பதியும். சிரமம் மனிதர்களைக் காட்டுவதில்தான். எலும்பும் தோலுமான உடம்புகளைச் செய்யாதீர்கள். மெலிந்த கைகால் மணலில் நிற்காது என்பது ஒரு காரணம். அந்த ஜனங்களை அன்றைக்கே வரிசையில் உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். நாமும் இன்னொரு முறை காட்சிப்பொருளாக்க வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். உருவத்தைப் புடைப்பாகச் செய்வதற்குப் பதில் பள்ளமாகச் செய்யுங்கள். மூட்டை மலையின் அடியில், ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து எழுந்துபோன தடம்போல வெறும் குழிவு. ஐந்தாறு குழிவு போதும். கதை தெரியாதவர்கூட ஒரு நிமிடம் நிற்பார்.

எம்டனைச் செய்யச் சொல்லி உங்கள் குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து, சுமார் 130 குண்டுகள் வீசி, துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் கூட்டம் கூடும். ஆனால் கப்பலைச் செய்யாதீர்கள். புகைபோக்கி, பாய்மரக் கம்பம், பீரங்கிக் குழல் எல்லாம் மணலுக்குப் பகை. புகையைச் செதுக்குங்கள். எரியும் தொட்டியிலிருந்து உருண்டு திரண்டு எழும் புகைமண்டலம் மணலுக்கென்றே வடிவமைத்த மாதிரி இருக்கும். கப்பல் தூரத்தில் உள்ளங்கை அளவு இருந்தால் போதும். கரையில் இருந்தவர்களுக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் ஊர்க் கோயில் என்றால் ஒற்றியூர் ஆதிபுரீசுவரர் கருவறை விமானம் நல்ல பொருள். ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லால் எழுந்தது. யானை படுத்திருக்கும் முதுகு போன்ற தூங்கானை மாட வடிவம், பின்பக்கம் மூலையே இல்லாமல் வளைந்து வரும். காற்று முதலில் தின்பது மூலைகளைத்தான் என்பதால் இது நீடிக்கும். ராயபுரம் ரயில் நிலையம் அப்படி இல்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை கிளம்பிய இடம், பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் அதன் முகப்பு முழுக்கத் தூண், நேர்கோடு, விளிம்பு. கோடு ஒரு சென்டிமீட்டர் சரிந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். கை பழகியபின் செய்யலாம்.

தொழிலாளர் வரலாறு இல்லாமல் வடசென்னை இல்லை. பெரம்பூர் பின்னி ஆலைகளைச் சுற்றி 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இரண்டு கூட்டங்களும் கடற்கரை மணலில்தான் நடந்தன, ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, இன்னொன்று திருவல்லிக்கேணியில். கூட்டத்தை மணலில் காட்டுவது எளிதல்ல. அதற்கு முன் மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் திறந்தது. நான்கு பேரும் பாறையும் ஒரே மூலைவிட்டச் சாய்வில் சேர்ந்திருப்பார்கள். வெண்கலம் என்பதால் அவரால் கால்களுக்கு நடுவே வெளிச்சம் விட முடிந்தது. நீங்கள் அந்த இடைவெளியைப் பாறையாகவே விட்டுவிட வேண்டும். சாய்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமியைத் தொடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். 2004 டிசம்பர் 26இல் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கரையிலேயே வசிக்கிறார்கள். நினைவு நாளில் ஊர்க்காரர்கள் தாங்களே செய்தால் அது வேறு.

வேலை முறைக்கு வருகிறேன். ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், உச்சியில் ஒன்றேகால் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் சரிவு. இதற்கு ஒன்பது கன மீட்டருக்கு மேல் இறுகிய மணல் வேண்டும். இடிக்கும்போது அமுங்கும், செதுக்கும்போது கழியும், அதனால் நான்கு யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி) சொல்லிவிடுங்கள். அடி இல்லாத பெட்டி மாதிரி சென்ட்ரிங் பலகைகளை நான்கு பக்கமும் கட்டி, ஒரு சாண் உயரத்துக்கு மணல் போட்டு, தண்ணீர் தேங்கும் அளவுக்கு ஊற்றி, திமிசுக் கட்டையால் இடியுங்கள். முதலில் பொத் பொத் என்று கேட்கும். சத்தம் கெட்டியாகி, கட்டை மேலே எகிறத் தொடங்கினால் அடுத்த அடுக்கு. பெரிய பெட்டி நிறைந்ததும் அதன்மேல் சின்னப் பெட்டி, அதன்மேல் இன்னும் சின்னது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பிறகு எந்தத் திறமையும் காப்பாற்றாது. செதுக்குவதற்கு ஆகிற அதே நேரம் இடிப்பதற்கும் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பையன்கள் முணுமுணுப்பார்கள்.

செதுக்குவது மேலிருந்து கீழே. மேல் பெட்டிப் பலகையை மட்டும் கழற்றி, அந்த அடுக்கை முழுதாக முடித்துவிட்டு அப்புறம் அடுத்ததைத் திறக்க வேண்டும். கீழே வந்தபின் மேலே கை வைக்கப் போனால் உதிரும் மணல் முடித்த வேலையின்மேல் விழும். கருவி எல்லாம் வீட்டிலேயே இருக்கும்: கொத்தனார் கரண்டி, பெயின்டர் தகடு, பழைய கத்தி, ஸ்பூன், உதிர்ந்த மணலை ஊதித் தள்ள ஒரு ஸ்ட்ரா. கைத்தெளிப்பான் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஃபெவிகாலைத் தண்ணீரில் நன்றாக நீர்த்துத் தெளித்தால் மேலே ஒரு தோல் படிந்து சில நாள் தாங்கும். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அது தேவையில்லை, கடற்கரையில் செய்தால் வேண்டவே வேண்டாம்.

வெளிச்சத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் நிழல்தான். நம் கரை கிழக்கு பார்த்தது. சிற்பத்தின் முகத்தைக் கடலைப் பார்த்து வைத்தால் காலை வெயில் நேராக முகத்தில் அடித்து எல்லாம் தட்டையாகத் தெரியும், மாலையில் முழுக்க இருட்டு. நீளவாட்டைக் கரைக்குக் குறுக்காக வைத்து, முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி செய்யுங்கள்; காலையும் மாலையும் பக்கவாட்டு ஒளி கிடைக்கும். இன்னொரு விஷயம், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக வரும். செங்குத்துச் சுவரில் அப்போது ஒளி வழுக்கிப் போய்விடும், சரிவில் மட்டும்தான் செதுக்கியது தெரியும். சரிவாகச் செய்யுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மாதத்தில் மாலை மழை வரும். தார்ப்பாயும் நான்கு மூங்கிலும் தயாராக இருக்கட்டும். தார்ப்பாய் சிற்பத்தைத் தொடக் கூடாது. பிற்பகல் கடற்காற்று மேல்தோலை உலர்த்தும், அரை மணிக்கு ஒருமுறை பூந்தூறலாகத் தெளிக்க வேண்டும். காலை பத்து மணிக்குள் பெரிய செதுக்கல் முடிந்தால் நிம்மதி. அதற்கு முந்தின நாளே பெட்டி இடித்து முடித்திருக்க வேண்டும்.

அனுமதி மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் வாங்குவீர்கள். அதற்கு முன்னால் அந்த மீனவர் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் போய்ப் பேசுங்கள். படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். எந்த இடத்தில் அலை ஏறும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். கடற்கரையில் இடம் சரிப்படவில்லை என்றால் ஒரு பள்ளி மைதானத்தில் செய்துவிடுங்கள், தண்ணீரும் நிழலும் கிடைக்கும், குறைச்சல் ஒன்றுமில்லை.

எம் சாண்டில் செய்வதானால் கீழே கெட்டியான தார்ப்பாய் விரித்து, நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கடல் தண்ணீர் பட்ட மணல் கட்டட வேலைக்கு ஆகாது, கம்பி துருப்பிடிக்கும். உப்பு படாமல் பார்த்துக்கொண்டால், வேலை முடிந்ததும் சலித்து, பக்கத்தில் வீடு கட்டுகிற யாருக்காவது பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம். செலவில் ஒரு பகுதி திரும்பிவரும். கடற்கரை மணலிலேயே செய்திருந்தால் அன்றிரவே இடித்துச் சமன் செய்துவிட வேண்டும், பெட்டிக்காகத் தோண்டிய பள்ளம் உட்பட. விடியற்காலை இருட்டில் படகு தள்ள வருகிறவர்கள் அதில் கால் வைப்பார்கள்.